மைதீன் என்னும் தமிழ்ப் பெயர்

(தென்காசியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பெயர். மைதீன். தென்காசியிலும் கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் வாசுதேவநல்லூரிலும் இந்தப் பெயர் இல்லாத தெரு இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். முகைதீன், முகையதீன், முகம்மது மைதீன், செய்யது மைதீன், காதர் மைதீன், மைதீன் பிச்சை, பெண்களுக்கு மைதீன் பாத்திமா, மைதீன் பீவி. கடைப் பலகையிலும், கல்யாணப் பத்திரிகையிலும், தறி ஓடும் வீட்டு வாசலிலும் நாம் நாள்தோறும் பார்க்கிற பெயர் இது. தினமும் பார்ப்பதாலேயே அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இது எங்கிருந்து வந்தது? என்ன பொருள்? யார் யார் வாயில் என்ன ஆயிற்று? கேட்டுப் பார்த்தால் பாக்தாத் வரைக்கும், அதற்கும் வடக்கே கசகஸ்தான் புல்வெளி வரைக்கும் நம்மை இட்டுச் செல்கிறது.

முதலில் அகராதிப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அரபியில் இது முஹ்யித்தீன். ‘முஹ்யீ’ என்றால் உயிர் கொடுப்பவர். ‘ஹயாத்’ என்று நம் வீடுகளில் ஆயுளைச் சொல்கிறார்களே, அதே வேர். ‘தீன்’ என்றால் மார்க்கம். மார்க்கத்துக்கு உயிர் ஊட்டியவர் என்பது மொத்தப் பொருள். அரபு வழக்கில் இது பிறந்தவுடன் வைக்கிற பெயரே அன்று, பட்டம். அரபியர்களுக்கு ஒரு மனிதரின் பெயர் பல அடுக்காக வரும். இயற்பெயர் ஒன்று, இன்னாரின் தந்தை என்பது ஒன்று, இன்னாரின் மகன் என்பது ஒன்று, ஊரையோ குலத்தையோ காட்டுவது ஒன்று, புகழ்ப்பட்டம் ஒன்று. இந்தப் பட்டத்தால் புகழ்பெற்று, பாக்தாதில் அடங்கியிருக்கும் பெரியவரின் இயற்பெயர் அப்துல் காதிர். எல்லாம் வல்லவனின் அடியான் என்று பொருள். ஈரானில் கீலான் பகுதியில் பிறந்தவர் என்பதால் ஜீலானி. முஹ்யித்தீன் அவருக்கு மக்கள் சூட்டிய பட்டம். அவர் மறைந்தது 1166இல்.

பட்டம் வந்த கதையை நம் பக்கத்து வீடுகளில் இன்றும் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாக்தாத் நோக்கி நடந்து வருகிறார். வழியில் மெலிந்து நோயில் கிடக்கும் ஒருவர் கைநீட்டுகிறார். இவர் கைகொடுத்துத் தூக்குகிறார். தூக்கத் தூக்க அந்த நோயாளியின் உடல் தேறி, முகம் பொலிவாகிறது. ‘என்னைத் தெரியவில்லையா? நான்தான் தீன். நலிந்து கிடந்த என்னை நீர் எழுப்பினீர். நீர் முஹ்யித்தீன்’ என்கிறார் அவர். அன்று பள்ளிவாசலில் கண்டவர்கள் எல்லாம் அவரை அந்தப் பெயராலேயே விளித்தார்களாம். வரலாறாக எடுப்பதும் உருவகமாக எடுப்பதும் அவரவர் விருப்பம். ஒரு பட்டம் கதையாகி, கதை பெயராகி, குழந்தையின் காதுக்கு வந்த வழி இதுதான்.

பிறகு அந்தப் பட்டத்தைப் பலர் தாங்கினார்கள். ஆண்டலூசியாவில் பிறந்த இப்னு அரபியும் முஹ்யித்தீன்தான். ஔரங்கசீப்பின் சொந்தப் பெயர் முஹியுத்தீன் முகம்மது. மௌலானா ஆசாத் 1888இல் மக்காவில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயரில் குலாம் முஹியுத்தீன் உண்டு. துருக்கியில் இதே பெயர் முஹித்தின். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்தில் மொய்தீன். கணவாய்க்கு இந்தப் பக்கம் மைதீன். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். மேற்கே கோழிக்கோட்டில் 1607இலேயே காசி முகம்மது இந்தப் பெரியவர் மீது ‘முஹ்யித்தீன் மாலை’ பாடிவிட்டார். கிழக்கே நம் தமிழில் சேகனாப் புலவர் ‘குத்பு நாயகம்’ பாடினார், பதுறுத்தீன் புலவர் ‘முகியித்தீன் புராணம்’ பாடினார். இரண்டு பக்கத்துப் பாட்டும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது நம் மாவட்டம்.

இங்கே பொட்டல்புதூரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடையத்தை அடுத்த அந்த ஊரில் இருக்கும் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலைப் பார்த்திருப்பீர்கள். கல்மண்டபமும் தூண்களும் நம் ஊர்க் கோயில் கட்டுமானத்தில் எழுந்தவை. பெரியவர் அடங்கியிருப்பது பாக்தாதில். இங்கே அவர் நினைவுக்கு எழுப்பிய தலம். ரபீயுல் ஆகிர் மாதக் கந்தூரிக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் கூடுகிறார்கள். அந்த அரபு மாதத்தின் பெயரையே மாற்றி ‘முகைதீன் ஆண்டவர் மாதம்’ என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். கடையத்தில் வாழ்ந்த பாரதியார் 1920இல் இஸ்லாம் பற்றிப் பேசியது இந்தப் பொட்டல்புதூரில்தான்.

பிள்ளை இல்லாதவர்கள், பிறந்த பிள்ளை தங்காதவர்கள் அங்கே நேர்ந்துகொள்வார்கள். அப்படிக் கிடைத்த பிள்ளைக்கு வைக்கும் பெயர்தான் மைதீன் பிச்சை. இதில் ‘பிச்சை’ நம் மண்ணின் சொல். பிச்சையா, பிச்சைமுத்து, பிச்சம்மாள் என்று இந்துக் குடும்பங்களில் எந்தக் காரணத்துக்காக வைத்தார்களோ அதே காரணம், அதே பயம், அதே நன்றி. தெய்வம் இட்ட பிச்சையாகப் பிள்ளையைச் சொன்னால் கண் படாது, தங்கும் என்ற நம்பிக்கை. பாக்தாத் பட்டமும் தாமிரபரணிக் கரைத் தாயின் கலக்கமும் ஒரே பெயருக்குள் சேர்ந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்த பெயர்களிலேயே மனத்தை மிகவும் தொடுகிற பெயர் இது.

இப்படிப் பெயர் வைப்பது மார்க்கத்துக்கு ஒத்ததா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. இறைவன் ஒருவனே கொடுப்பவன், வேறு ஒருவர் இட்ட பிச்சை என்று சொல்லலாமா என்பது அவர்கள் கேள்வி. அது மதிக்க வேண்டிய கேள்வி. இனிப் பிறக்கும் பிள்ளைக்கு என்ன பெயர் என்பதை அந்தந்த வீடு முடிவு செய்யட்டும். நான் பேசுவது ஏற்கெனவே வாழ்ந்து முடித்தவர்களின் பெயர்களைப் பற்றி.

இப்போது கசகஸ்தானுக்கு வருகிறேன். எதற்கு அவ்வளவு தூரம் என்று நினைக்கலாம். அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத, அரபு நாட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கிற ஒரு மக்கள் இதே பெயர்களை என்ன செய்தார்கள் என்று பார்த்தால், நாம் செய்ததன் நியாயம் விளங்கும்.

அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் காசிம் ஜோமார்த் தொகாயெவ். 2019இல் பதவிக்கு வந்தவர். காசிம்! காயல்பட்டினத்தில் திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் பெயரேதான். பங்கிட்டுக் கொடுப்பவர் என்பது அரபுப் பொருள். நபிகள் நாயகத்தின் மகன் பெயர் என்பதால் முஸ்லிம் உலகமெங்கும் பரவியது. கசக்கர்களிடம் 16ஆம் நூற்றாண்டிலேயே காசிம் கான் என்று புகழ்பெற்ற மன்னர் இருந்தார். ஜோமார்த் என்ற இரண்டாம் பகுதி பாரசீகச் சொல். கொடையாளி என்று பொருள் தருவது. அரபும் பாரசீகமும் இணைந்து ஒரு மனிதருக்குப் பெயராகி நிற்கின்றன. இவருக்கு முன்பிருந்தவர் நூர்சுல்தான் நசர்பாயெவ். நூர், சுல்தான் என்ற இரண்டும் நம் தெருவிலும் உண்டு. 2019 முதல் 2022 வரை அந்த நாட்டின் தலைநகருக்கே நூர்சுல்தான் என்று பெயர் இருந்தது. பிறகு பழையபடி அஸ்தானா ஆனது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தென்காசியில் நின்று காசிம் என்று சொல்லும்போது காசி காதில் விழுகிறது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. முகைதீனில் ‘முகை’ இருக்கிறது, முகை என்றால் மொட்டு, ஆகவே மார்க்கத்தின் மொட்டு என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள். ஒலி ஒத்திருப்பது உறவாகாது. பெயராய்வில் நம்மவர்கள் அடிக்கடி வழுக்கி விழுகிற இடம் இது.

கசக் மொழியின் பழைய பேச்சில் பல்லும் உதடும் சேர்ந்து வரும் ‘ஃப’ ஒலி கிடையாது. தமிழிலும் கிடையாது. ஆகவே ஃபாத்திமா அங்கே பாத்திமா ஆனாள், இங்கும் பாத்திமா ஆனாள். யூசுஃப் அங்கே சூசிப் மாதிரி ஒலிக்கிறது, இங்கே யூசுப்பு. இப்ராஹீம் அங்கே இபிராய். கசக்கர்களுக்குப் பள்ளிக்கூடக் கல்வியைக் கொண்டுவந்த அல்தின்சாரின் என்ற பேரறிஞர் தம் பெயரை இபிராய் என்றே உலகுக்குத் தந்தார். இங்கே அதே பெயர் இபுறாகீம். முகம்மது என்ற திருப்பெயர் கசக் வாயில் மகம்பெத் ஆகியது. மகம்பெத் உதெமிசுலி அவர்களுடைய மாபெரும் கலகக் கவிஞர், 1846இல் கொல்லப்பட்டவர். அவரை யாரும் ‘முகம்மது என்பதன் தவறான உச்சரிப்பு’ என்று எழுதுவதில்லை. மகம்பெத் கசக் பெயர். அதோடு பேச்சு முடிந்தது.

கசக் இலக்கியத்தின் தலைமகன் அபாய். 1845இல் பிறந்தவர். தகப்பன் வைத்த பெயர் இப்ராஹீம். அபாய் என்று கூப்பிட்டது பாட்டி செரே. அந்தச் செல்லப்பெயர்தான் நிலைத்தது. நம் வீடுகளிலும் இதுதானே நடந்தது? தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதிலிருந்து பேரன். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்ற காலத்தில், பேரனுக்கு வைத்த அந்தப் பெயரை அவள் எப்படி வாய்விட்டுக் கூப்பிடுவாள்? ராசா என்றாள், அத்தா என்றாள். பள்ளிப் பதிவேட்டில் முகைதீன் அப்துல் காதர் என்றிருப்பவர் எழுபது வயது வரை தெருவுக்கு ‘ராசா’வாகவே வாழ்ந்து மறைந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

பிள்ளை தங்காத துயரத்துக்கும் கசக்கர்களிடம் பெயர் உண்டு. துர்சின் என்பார்கள், இருக்கட்டும், நிலைக்கட்டும் என்று பொருள். கசக் மொழிக்கு அரபு எழுத்தைச் சீர்திருத்தித் தந்த அஹ்மத் பாய்துர்சினுலியின் தகப்பன் பெயருக்குள் அந்தத் துர்சின் இருக்கிறது. நம் பிச்சைக்கு உறவுக்காரப் பெயர்.

அந்த எழுத்துச் சீர்திருத்தம் நமக்கும் புதிதல்ல. அரபு எழுத்தில் தமிழை எழுதுவதற்காகத் தமிழ் முஸ்லிம்கள் கூடுதல் எழுத்துகளை உருவாக்கினார்கள். அரபுத்தமிழ் என்கிறோம். அந்த ஏட்டில் முஹ்யித்தீன் என்று அரபு எழுத்து பிசகாமல் இருக்கும். வாசிப்பவர் வாயில் முகைதீன் என்று வரும். அதே ஆள் தமிழில் கையெழுத்திடும்போது மைதீன். எழுத்து அரபு நாட்டோடு உறவைக் காத்தது, வாய் இந்த மண்ணோடு உறவைக் காத்தது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

இந்தப் பெயர்கள் நமக்கு வந்த வழிகளும் ஒன்றல்ல. கடல் வழியாக அரபு வணிகரோடு காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் வந்தவை உண்டு. உமறு, காசிம், அபூபக்கர் போன்றவை. வடக்கிலிருந்து பாரசீகம் பேசிய சூபிகளோடு வந்தவை வேறு. பீர், ஷா, மஸ்தான், மீரான். நாகூர் ஆண்டகையின் பெயரான சாகுல் ஹமீதில் ஷா பாரசீகம், அதோடு ஒட்டிய ‘உல்’ அரபு இலக்கணம். மீரான் என்பது அரபு அமீர், பாரசீகத்தில் மீராகி, அங்கேயே மீரானாகி வந்தது. சாய்வு நாற்காலி நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முகமது மீரானின் பெயரில் அந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

தென்காசிக்காரர்கள் நெஞ்சு நிமிர்ந்து சொல்ல வேண்டிய பெயர் ஒன்று உண்டு: பீர் முகம்மது. தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா பிறந்தது இந்தத் தென்காசியில்தான். நெசவுக் குடும்பம். 17ஆம் நூற்றாண்டினர் என்பார்கள். பீர் என்பது பாரசீகத்தில் முதியவர், ஞானகுரு. தக்கலையில் அவருடைய ஆண்டு விழாவில் ஞானப்புகழ்ச்சியை இரவு முழுதும் முறைவைத்துப் பாடுகிறார்கள். அவருடைய நூல் ஒன்றின் பெயர் ‘பிஸ்மில் குறம்’. பிஸ்மி என்றால் பெயரால். இறைவன் பெயரால் தொடங்குகிறேன் என்று முஸ்லிம்கள் சொல்லும் முதல் வாக்கின் முதல் சொல். அரபியில் ‘இஸ்ம்’ என்றாலே பெயர். குறம் யாருடையது? நம் குறத்தியுடையது. இங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் திரிகூட ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய மலை இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் ஞானி இறைவனின் பெயரைப் பாட எடுத்த வடிவம் குறம். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவிதையைச் செவியால் அனுபவிக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொன்னார். இந்தப் பெயர்களையும் செவியால் கேளுங்கள் என்கிறேன். பாத்துமுத்து, செய்யதம்மாள், நயினார் முகம்மது, மைதீன் பிச்சை. தமிழ்ச் செவிக்கு எவ்வளவு இதமாக இருக்கின்றன!

கீழக்கரை வள்ளல் சீதக்காதியை எல்லோருக்கும் தெரியும். செத்தும் கொடுத்தவர் என்று பழமொழியே இருக்கிறது. அவருடைய பெயர் ஷெய்கு அப்துல் காதிர். அதே பாக்தாதுப் பெரியவரின் இயற்பெயர். அது தமிழ் வாயில் உருண்டு உருண்டு சீதக்காதியானது. உமறுப்புலவர் அவருடைய ஆதரவில் நபிகளின் வரலாற்றைப் பாடத் தொடங்கி, சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது. சீதக்காதியைத் திருத்தி எழுதுகிறேன் என்று இன்று யாராவது கிளம்பினால் தமிழ்நாடு ஒப்புமா? அவர் பெயருக்கு இருக்கிற உரிமை மைதீனுக்கும் உண்டு. வழக்கு மறுபக்கமும் போயிருக்கிறது. காவிரிப் பக்கத்து இந்துக் குடும்பங்களில் பக்கிரிசாமி என்று பெயர் வைப்பார்கள். அரபு ஃபகீரும் நம் சாமியும் கைகோத்த பெயர் அது.

ஆனால் இன்று நடப்பது என்ன? வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிற பையன் கையில் மூன்று சான்றிதழ். ஒன்றில் தகப்பன் பெயர் மைதீன், இன்னொன்றில் முகைதீன், மூன்றாவதில் மொகிதீன். ஆங்கிலத்தில் எழுதும்போது எம் எழுத்துக்குப் பிறகு ஓ போடுவதா யூ போடுவதா என்ற குழப்பம் வேறு. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அரசிதழில் பெயர் மாற்ற விளம்பரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பணம் போகிறது, நாள் போகிறது. இந்த நெருக்கடியில் ‘எது சரியான உச்சரிப்பு’ என்று ஒரு பட்டியலைப் பார்த்துத் தாத்தாவின் பெயரையே திருத்திவிடுகிறார்கள். வீட்டுக் கல்லில் மைதீன் பிச்சை என்று வெட்டியிருக்கும். பேரனின் ஆவணத்தில் முஹ்யித்தீன் என்றிருக்கும். இரண்டு தலைமுறை கழித்து இருவரும் ஒரே குடும்பம் என்று சொல்ல ஆள் இருக்காது.

படித்த இளைஞர்கள் சிலர் ‘மைதீன் என்று சொல்வது பிழை, சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று பெரியவர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தொழுகையில் ஓதும்போது அரபு எழுத்தின் உச்சரிப்பு பிசகக் கூடாது. அது வேறு காரியம், அதற்குத் தனி இலக்கணமும் பயிற்சியும் இருக்கின்றன. ஆனால் தெருவில் ஒரு மனிதரைக் கூப்பிடும் பெயர் அந்தத் தெருவின் மொழிக்குச் சொந்தம். மகம்பெத் கசக் பெயராக இருக்கலாம், முஹித்தின் துருக்கிப் பெயராக இருக்கலாம், மொய்தீன் மலையாளப் பெயராக இருக்கலாம், மைதீன் மட்டும் ஏன் பிழையாக வேண்டும்? அது தமிழ்ப் பெயர். முருகன், மாடசாமி, சூசை, அருளப்பன் எப்படித் தமிழ்ப் பெயர்களோ அப்படி. சூசையும் யூசுப்பும் ஒரே வேரிலிருந்து இரண்டு சமயங்களின் வழியாகத் தமிழுக்கு வந்த பெயர்கள்தாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாவட்டத்துக்கென்று வரலாறு எழுதப்படும் காலம் இது. கோயில் கல்வெட்டை எழுதுவார்கள், அருவியை எழுதுவார்கள், பாளையக்காரர்களை எழுதுவார்கள். தறிக்கார மைதீன் பிச்சையையும் பாத்துமுத்தையும் நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரிடமும் கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு முன்னால் இருந்தவர்களின் பெயர்களை, வாப்பா வழியிலும் உம்மா வழியிலும், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், அவர்களைக் கூப்பிட்டபடியே எழுதுங்கள். ஆவணத்தில் இருக்கிற பெயர் ஒரு பக்கம், வாயில் இருந்த பெயர் மறுபக்கம். எந்தத் தலத்தில் நேர்ந்து வைத்தது, யாருடைய நினைவாக வைத்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். எழுத்தைத் திருத்தாதீர்கள். மைதீன் என்று அவர் சொன்னால் மைதீன் என்றே எழுதுங்கள்.